கோர்ட்டுச் சுவரில் அப்பாவின் பெயர்

எங்கள் அப்பா ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று அரூர் கோர்ட்டில் பெயர் வாங்கியவர். பெஞ்சு கிளார்க் உத்தியோகம். கூண்டில் நிற்கிற சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதி இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் அதை அப்பா திரும்பவும் தமிழில் அந்த ஆளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னது இதுதான் என்று அவன் தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைப்பான். சாட்சி தடியால் அடித்தான் என்று சொல்லியிருந்தால் அப்பா வாயில் அது பெரிய தடி ஆகாது. அடிபட்டவன் அழுதான் என்றிருந்தால் கதறி அழுதான் என்று வராது. கொஞ்சம் அழுத்திச் சொல்லக் கூடாதா என்று வக்கீல்கள் எரிச்சல்படுவார்கள். கூண்டில் நின்றவர்கள் மட்டும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கூட்டிச் சொன்னார். அதைத்தான் கல்லில் வெட்டிக் கோர்ட்டுச் சுவரில் பதித்தார்கள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த ஆவணி மாதக் கடைசி. டில்லியிலிருந்து ஒரு பெரியவர் சேலம் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் அரூரில் இறங்கிப் பேசினார். சந்தைத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் திடல் சேறாகிவிட்டது. ஆகவே கோர்ட்டுப் படியிலேயே மேடையை வைத்துக்கொண்டார்கள். வாய்தாவுக்கு வந்தவர்கள், சந்தைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திக் கூட்டிவந்த பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். அந்த வருஷம் தை மாதத்தில்தான் ஹிந்தி வேண்டாம் என்று ஊரெல்லாம் கலவரம் நடந்து முடிந்திருந்தது. பெரியவர் ஜாக்கிரதையாக இங்கிலீஷில் பேசினார். தமிழில் சொல்வதற்கு ஏற்பாடு செய்திருந்த ஆளுக்கு மேடையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு வாக்கியத்துக்குள் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. நீதிபதி திரும்பிப் பார்த்து, அப்பாவை மேலே ஏறச் சொன்னார்.

எனக்கு அப்போது ஐந்து வயது. பார்த்ததாக நினைவில் இருப்பது யாருடைய தோளிலிருந்தோ தெரிந்த கறுத்த குடைகள் மட்டும்தான். மற்றதெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு வந்து சேர்ந்தவை.

பெரியவர் பேச்சில் சாரம் ஒன்றும் இல்லையாம். தானியத்தை வீணாக்காதீர்கள், மண்ணெண்ணெயைப் பதுக்காதீர்கள், வதந்தியை நம்பாதீர்கள் என்று மழைக்கு முந்திக் கிளம்பிவிடுகிற அவசரத்தில் சொல்லிக்கொண்டு போனார். அப்பாவும் வழக்கம்போல ஒன்றுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கூட்டம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது. சந்தைக்காரர்கள் கூடையைத் தலையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடும் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று பெரியவர் கடைசியாகச் சொன்னார். அந்த இடத்தில் அப்பாவுக்கு என்ன ஆனதோ தெரியாது. பாதிரிச் சாமியார்கள் நடத்திய போர்டிங்கில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர். பிறகு இருபது வருஷம் அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காலம் தள்ளியவர். கையை உயர்த்திக் குரலை எடுத்து இப்படிச் சொன்னார்:

"வீட்டுக்கு ஒரு பிள்ளை வாசற்படி தாண்டினால், நாட்டின் வாசற்படியை எவனும் தாண்ட முடியாது."

கரைந்த கூட்டம் நின்றது. பிறகு கைதட்டல். தான் சொன்னதற்கா இவ்வளவு என்று பெரியவரே திகைத்துப்போய், அப்பாவின் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது அப்பா இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். "நான் சொன்னதை அவரு சொன்னதாவே வெச்சுக்கிட்டாங்க" என்றார். இவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள்.

வாக்கியம் எங்கள் தாலுகா முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடங்களில் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயின்டில் எழுதினார்கள். எல்லா இடத்திலும் அடியில் டில்லிப் பெரியவர் பெயர்தான் இருந்தது.

அன்று கூட்டத்தில் அத்தையும் இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், தீர்த்தமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் புருஷனை இழந்தவள், ஏர் பிடிக்க மட்டும் ஆள் வைத்து மானாவாரி நிலத்தில் தானே விவசாயம் பார்த்தவள். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்தில் வேதக்காரர்களும் மற்றவர்களைப் போலக் காட்டை நம்பிப் பிழைத்தவர்கள்தான். அப்பா மட்டும் படித்து உத்தியோகத்துக்கு வந்தார். அத்தைக்கு ஒரே மகன். அவனை எங்கள் வீட்டில் விட்டுத்தான் படிக்க வைத்தாள். எங்கள் அண்ணன் வயசு. முறைக்கு நான் அவனை மாமா என்று கூப்பிட வேண்டும். அந்த மாமா என் பின்னலைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டு ஓடிப் போகிற ரகம். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகிச் சேலத்தில் பி.யு.சி. சேர்ந்தான். மாமா ஒரு பாடத்தில் தவறிவிட்டு ஊர் திரும்பாமல் எங்கள் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

இனிமேல் சொல்வது அண்ணன் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது. அந்தப் பேச்சு நடந்த அடுத்த மாதம் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணனும் மாமாவும் சேர்ந்தே போய் வரிசையில் நின்றார்கள். யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்ல, அப்பா கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் சேலம் போனார். வரிசையிலிருந்து அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். "படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்றாராம். மாமா சிரித்துக்கொண்டே கையாட்டினானாம். அவனுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது.

ஆள் எடுத்தாயிற்று. கிளம்ப உத்தரவு வருகிறவரைக்கும் மாமா எங்கள் வீட்டில் இருந்தான். அத்தை அரூருக்கு வந்தாள். வந்தவள் மகனிடம் கேட்கவில்லை, தம்பியிடம் கேட்டாள்.

"போவட்டுமா தம்பி? அவ்ளோ பெரிய மனுசன் படியில நின்னு வூட்டுக்கு ஒருத்தன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு. இல்லேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை அக்கா, அது என் வாயில் வந்தது, நீ பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள், அவளும் சொல்லியிருக்கலாம். "அவன் இஷ்டம் அக்கா" என்றார் அப்பா. சரியாகச் சொல்வதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர்.

மாமா லீவில் வரும்போதெல்லாம் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் அம்மாவைப் பார்க்கப் போவான். அப்பாவுக்குக் கம்பளி, அண்ணனுக்கு பேனா, எனக்கு பிஸ்கட் டப்பா. அண்ணன் இதற்குள் பி.ஏ. முடித்துத் தர்மபுரியில் கூட்டுறவு பாங்கில் உட்கார்ந்துவிட்டான். எழுபத்தொன்றில் திரும்பவும் சண்டை வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் தீர்த்தமலைக்குத் தந்தி போயிற்று. உடல் வரவில்லை. ஒரு இரும்புப் பெட்டி மட்டும் வந்தது.

அத்தை ஒப்பாரி வைக்கவில்லை. அவளிடம் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமும், மாமாவுக்காகப் பூசை வைத்த சாமியாரிடமும், பஸ் கண்டக்டரிடமும் ஒரே மாதிரி அதைச் சொன்னாள். "டில்லிப் பெரியவரு வந்து நின்னு கேட்டாரு, என் தம்பி வாயாலயே கேட்டாரு. குடுத்தேன்." இதைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிரும். அப்பா அந்த இடத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அக்காள் மகன் மேல் இவ்வளவு பாசமா என்று சனங்கள் அவருக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டார்கள்.

அடுத்த வருஷம் சுதந்திர வெள்ளி விழா. எங்கெங்கும் கல் நடுகிற வருஷம். அரூர் வக்கீல்கள் கூடிப் பேசி, புகழ்பெற்ற அந்தப் பேச்சு நடந்த இடத்தில் ஒரு கல் பதிக்க முடிவு செய்தார்கள். சலவைக்கல்லில் மேலே அந்த வாக்கியம், அதன் கீழே பெரியவர் பெயர், அதற்கும் கீழே நீதிபதி, வக்கீல் சங்கத் தலைவர், செயலாளர், திறந்து வைப்பவர், கல் உபயம் செய்த மண்டிக்காரர் என்று வரிசையாகப் பெயர்கள். வாக்கியத்துக்கு இரண்டு வரி, பெயர்களுக்கு ஆறு வரி.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. கோர்ட்டு கிளார்க்குகளுக்கெல்லாம் தலைவரான சிரஸ்தார் பதவி அப்பாவைத் தாண்டி இரண்டு பேருக்குப் போயிருந்தது. அவர் யார் முன்னாலும் போய் நின்று எனக்கு என்று கேட்டதில்லை. சொன்னது இவர், கல்லில் ஏறுவது மண்டிக்காரரா என்று அம்மா கேட்டாள்.

"வேணாம், விட்டுடு" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க. இப்பிடி வேணாம் வேணாம்னு சொல்லித்தான் இந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கீங்க."

அப்பா வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னார். அதட்டினார், கெஞ்சினார், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். ஏன் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அவள் வக்கீல் சங்கத் தலைவரின் வீட்டுக்கே போய், அவர் சம்சாரத்திடம் பேசி, அவரிடமும் பேசிவிட்டு வந்தாள். கல்லின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் சின்ன எழுத்தில் தமிழில் வழங்கியவர் என்று அப்பா பெயரை வெட்டினார்கள். அம்மா நாலு தெருவுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். நானும் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மாதா மோட்சத்துக்குப் போன திருநாளும்கூட. காலையில் கோயிலில் பூசை முடிந்து அத்தை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீரனின் தாய் என்று அவளுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கோர்ட்டு வாசலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு கைத்தறிப் பட்டுச் சால்வையைத் தோளில் போர்த்தினார்கள். அவள் அந்த ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா தூண் ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார்.

திரையை விலக்கியதும் கல்லில் இருந்ததை உரக்கப் படிக்கிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் அதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் திக்காமல் படித்தேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பிறகு சங்கத் தலைவர் பேசினார். ஊரிலேயே மூத்த வக்கீல், கேட்கிறவர்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அம்மா கேட்டுக்கொண்டதை அவர் மறக்கவில்லை. கேட்டதற்கு மேலேயே செய்தார்.

"இன்றைக்கு ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் அன்றைக்கு என்ன பேசினார் தெரியுமா? சோற்றை வீணாக்காதே, மண்ணெண்ணெயைப் பதுக்காதே, வதந்தியை நம்பாதே. அவ்வளவுதான். அவர் பிள்ளையையும் கேட்கவில்லை, வாசற்படியையும் கேட்கவில்லை. இந்தக் கல்லில் இருப்பது முழுக்க நமது பெஞ்சு கிளார்க்கின் சொந்தச் சரக்கு. இங்கிலீஷ் தெரிந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் வராந்தாவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரு எழுத்துக் கூட்டாத மனிதருக்கு இப்படி ஒரு திறமையா என்று வியந்துபோனோம்."

கூட்டம் சிரித்தது. கைதட்டியது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் பள்ளிக்கூடத்து வரிசையில் நான்தான் அதிக நேரம் தட்டினேன். வராந்தாவில் நின்று சிரித்த அந்த ஏழெட்டுப் பேர் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் பட்டாளத்துக்குப் போகவில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன். உண்மை தெரிந்த வீடுகளில் எல்லாரும் பத்திரமாகத்தான் இருந்தார்கள். எங்கள் வீடும் அதில் சேர்த்தி.

அத்தை மட்டும் கைதட்டவில்லை. போர்த்திய துணியை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். தேசிய கீதம் முடிகிறவரைக்கும் எல்லாரோடும் எழுந்து நின்றாள். பிறகு நேரே தூண் பக்கம் போனாள். மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"அந்த வக்கீலு சொன்னது நெசமா தம்பி?"

அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு கேக்கலியா?"

"கேக்கலக்கா."

"நீயா சொன்னதா?"

அம்மா வேகமாக வந்து, "அண்ணி, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம் வாங்க, பாயசம் வெச்சிருக்கேன்" என்றாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. நிலத்துக்கு வரப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அந்தப் பெரியவரு கேட்டாருன்னு குடுத்தேன்டா. நீதான் கேட்டன்னு தெரிஞ்சிருந்தா, உன் பையன் எங்கடான்னு கேட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுப் படி இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அம்மா கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினாள். தீர்த்தமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. அத்தை ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா செத்தபோது ஆள் அனுப்பினோம், அதற்கும் வரவில்லை. அவள் வராதது எனக்குக் கோபமாக இருந்ததுண்டு. இப்போது இல்லை. மகன் செத்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அதைத் தாங்குவதற்கு வைத்திருந்ததையும் அன்றைக்கு மைக்கில் சொல்லிச் சிரித்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வேண்டியமட்டும் உண்டு. ஆனால் அத்தையின் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை அவருக்காக நான் ஐம்பது வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் வீடு திரும்பினோம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை கோபித்துக்கொண்டு போனதற்குக் காரணம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கல்லில் அத்தனை பேர் பெயர் இருந்தது, மண்டிக்காரர் பெயர்கூட இருந்தது, மாமா பெயர் இல்லை. யாருக்குத்தான் கோபம் வராது? இந்த எளிய விஷயம் இத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது. நான் பாயசக் கிண்ணத்தோடு போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா பேரையும் போட்டுட்டா அத்தை வந்துடுவாங்கப்பா" என்றேன். "உங்க பேருக்குக் கீழ ஒரு வரிக்கு எடம் இருக்குது. படிக்கும்போது பாத்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நல்ல யோசனை என்பதால்தான் தலையைத் தடவினார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் கோர்ட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவார், அடுத்த வாரம் அத்தை வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் என் கிண்ணத்தை முடித்தேன். அத்தைக்கென்று மூடி வைத்திருந்ததையும் எடுத்துக் குடித்தேன்.